விண்மீன்களை அளந்த வைணு பாப்பு

அதிகாலைத் தொழுகைக்கு எழும் நீங்கள் கீழ்வானம் வெளுப்பதைக் காண்கின்றீர்கள். நம் தொழுகை வேளைகள் யாவும் கதிரவனின் போக்கைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. ஆயினும், அந்தக் கதிரவன் எத்தகையது, எண்ணற்ற விண்மீன்களிடையே அதன் இடம் யாது என்று எண்ணிப் பார்த்திருக்கின்றீர்களா? அந்த ஆராய்ச்சிக்கே தம் வாழ்நாளை அளித்த ஒருவரின் வரலாறு இது.

எம். கே. வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தலச்சேரி. தந்தையார் ஹைதராபாத்திலுள்ள நிஜாமியா வானாய்வு நிலையத்தில் பணியாற்றினார். நவாப் ஸஃபர் ஜங் என்னும் செல்வர் தம் பொருளைச் செலவிட்டுத் தொடங்கிய நிலையம் அது. அங்கிருந்த தொலைநோக்கிகளின் நிழலிலேயே சிறுவர் பாப்பு வளர்ந்தார்.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949-இல் அங்கே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். 1952-இல் டாக்டர் பட்டம் பெற்றபின், பாலோமர் மலையின் பெருந்தொலைநோக்கியில் ஆராயும் வாய்ப்பும் கிட்டியது. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அன்று அதுவே. ஆயினும், அவர் 1953-இல் தாயகம் திரும்பினார்.

அவருக்குப் புகழ் தந்த கண்டுபிடிப்பு யாது? விண்மீனின் ஒளியைப் பிரித்தால், ஊதாப் பகுதியில் கால்சியத்தால் உண்டாகும் கரிய கோடு ஒன்று தெரியும். அதன் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று இருக்கும். சூரியனைப் போன்ற விண்மீன்களிலும், அதனினும் வெப்பம் குறைந்தவற்றிலும், கீற்று அகலமாக இருக்குமளவு விண்மீனின் இயல்பான ஒளியும் மிகுதி என்பதை வில்சன் என்னும் அறிஞரும் பாப்புவும் 1957-இல் நிறுவினர். இயல்பான ஒளி தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவையும் கணித்துவிடலாம்.

நம் சூரியனில் அக்கீற்று குறுகியது. ஏனெனில் சூரியன் நடுத்தரமான மஞ்சள் விண்மீன். வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். அதன் நடுப்பகுதியில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதால் வெப்பமும் ஒளியும் பிறக்கின்றன. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அங்குள்ள ஹைட்ரஜன் தீர்ந்துபோகும். அப்போது சூரியன் சிவந்து, பன்மடங்கு பருத்து, இறுதியில் புறப்பகுதியை உதிர்த்துவிட்டுப் பூமியளவே உள்ள வெண்ணிற விண்மீனாகச் சுருங்கிக் குளிரும். அகன்ற கீற்றுடைய பெருவிண்மீன்கள் பல, இவ்வாறு முதுமை எய்தியவையே. ஆம், சூரியனுக்கும் ஒரு தவணை உண்டு!

1960-இல் பாப்பு, பழனி மலைத்தொடரில் சுமார் 7,700 அடி உயரத்தில் விளங்கும் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் இயக்குநரானார். 1899-இல் அமைந்த அந்நிலையத்தில்தான், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தார். எந்தக் கால்சிய ஒளியால் பாப்பு தொலைவிலுள்ள விண்மீன்களை அளந்தாரோ, அதே ஒளியில் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் பல்லாண்டுகளாக அங்கே சேர்ந்திருந்தன. சூரியனையும் பிற விண்மீன்களையும் ஒரே இனமாக வைத்து ஆராய அதனினும் தக்க இடம் ஏது?

ஆனால் மங்கலான விண்மீன்களைக் காணப் பெரிய தொலைநோக்கி வேண்டுமே! வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து, அங்கே புதிய நிலையத்தை நிறுவினார். 2.3 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்துவிட முனைந்தார். 1979-இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தொலைநோக்கி முழுமை பெறுமுன், 1982 ஆகஸ்ட் 19 அன்று, ஜெர்மனியின் மியூனிக் நகரில் தமது 55-ஆம் வயதில் அவர் காலமானார். 1986-இல் அக்கருவிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கணித்தவருக்குத் தம் பணியின் நிறைவைக் காண நான்காண்டுகள் கிட்டவில்லை. ஆயினும், அவர் நட்ட மரத்தின் கனியைப் பின்வந்தோர் உண்டனர். அன்பர்களே! நமக்கு அளிக்கப்பட்ட தவணைக்குள் நாம் நட்டுச் செல்லப்போவது யாது?