எல்லைக் காவலை வென்ற கவிஞர்

மகாகவி சுப்பிரமணிய பாரதியார் பிறந்தது எட்டயபுரத்தில். அவருடைய பெரிய காவியங்கள் பிறந்தது புதுச்சேரியில். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு இருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி; மறுபக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. அந்தக் கோட்டைத் தாண்டிச் சொந்த மண்ணுக்குத் திரும்ப அவர் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்.

எட்டயபுரத்துச் சிறுவன்

பாரதியார் 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி பிறந்தார். தந்தை சின்னசாமி அய்யர். தாயார் லட்சுமி அம்மாள். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பதினோரு வயதில், புலவர்கள் கூடிய சபையில் கவி பாடி "பாரதி" என்ற பட்டத்தைப் பெற்றார்.

1904-ல் சென்னைக்கு வந்து "சுதேசமித்திரன்" பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். 1906-ல் "இந்தியா" என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. அதன் எழுத்துப் பொறுப்பு பாரதியாருடையது. ஆங்கிலேயர் ஆட்சியை அவர் காரசாரமாகத் தாக்கி எழுதினார். கேலிப் படங்களும் வெளிவந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் படத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1908-ல் "இந்தியா"வின் மீது வழக்குப் பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் கைதானார். அடுத்தது பாரதியார்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நண்பர்கள் வற்புறுத்தினார்கள். பாரதியார் ரெயில் ஏறிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். பத்திரிகையும் அங்கே வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் "இந்தியா" மறுபடியும் அச்சாகி வெளிவந்தது.

துண்டு துண்டான நாடு

அந்தக் காலத்துப் புதுச்சேரி ஒரே வேலிக்குள் அடங்கிய நிலம் அல்ல. பிரெஞ்சுக் கிராமங்களும் ஆங்கிலேயர் கிராமங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்துச் சுத்துக்கேணி போன்ற ஊர்கள் பிரெஞ்சுக்காரருக்குச் சொந்தம். வயல் வரப்பைத் தாண்டினால் வேறு ராஜ்யம்! இரு பக்கமும் ஒரே தமிழ். கொள்வினை கொடுப்பினை உள்ள ஒரே உறவு. ஆனால் சட்டம் வேறு, வரி வேறு.

புதுச்சேரித் துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுச் சரக்கு தங்கள் பகுதிக்குள் வரி கட்டாமல் நுழையக் கூடாது என்பதில் ஆங்கிலேயர் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். எல்லை வழிகளில் சுங்கச் சாவடிகள் இருந்தன. மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துச் சோதித்தார்கள்.

சுங்க அதிகாரிகளின் கையில் இன்னொரு பெரிய ஆயுதமும் இருந்தது. அதுதான் 1878-ம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம். பெயர்தான் கடல் சுங்கம். ஆனால் கடல் வழியாகவோ தரை வழியாகவோ எந்தப் பொருள் உள்ளே வரக் கூடாது என்றும் சர்க்கார் அந்தச் சட்டப்படி உத்தரவு போடலாம். துணிக்கும் மதுவுக்கும் போட்ட சட்டம் புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் பயன்பட்டது. அச்சிட்ட காகிதமும் கடத்தல் சரக்கு ஆனது!

பத்திரிகை நின்றது

"இந்தியா" புதுச்சேரியில் அச்சானாலும் அதன் வாசகர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களிடம் பத்திரிகை போய்ச் சேராதபடி ஆங்கிலேய சர்க்கார் தடை போட்டது. வாசகர்களிடம் போகாத பத்திரிகைக்குப் பணம் எப்படி வரும்? 1910 மார்ச்சில் "இந்தியா" நின்றுவிட்டது. "விஜயா", "சூரியோதயம்", "கர்மயோகி" ஆகிய ஏடுகளும் நிலைக்கவில்லை. 1911-ல் "கனவு", "ஆறில் ஒரு பங்கு" என்ற அவருடைய நூல்களுக்கும் தடை வந்தது.

அதே ஆண்டு ஜூன் 17-ந் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு புதுச்சேரியில் ரகசியப் போலீசாரின் நடமாட்டம் பெருகியது. பாரதியாரின் வீட்டுக்கு வருவோர் போவோரைக் கவனித்தார்கள். தபாலையும் பிரித்துப் பார்த்தார்கள். வருமானம் சுருங்கியது. மனைவி செல்லம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும் வறுமையில் வாடினார்கள். அரவிந்தர், வ.வே.சு.அய்யர் போன்றவர்களும் அங்கேதான் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அவர்களின் நட்பும் ஊர்க்காரர்களின் அன்புமே பாரதியாருக்குத் துணை.

பத்திரிகைக் கதவு அடைபட்டதும் அவர் காவியத்தின் பக்கம் திரும்பினார். "பாஞ்சாலி சபதம்", "கண்ணன் பாட்டு", "குயில் பாட்டு" மூன்றும் புதுச்சேரியில் பிறந்தவை. கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர் அங்கே அவரைச் சந்தித்து, பிற்காலத்தில் பாரதிதாசன் ஆனார்.

எல்லையில் கைது

ஆண்டுகள் ஓடின. முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. அடைபட்ட வாழ்க்கை பாரதியாருக்குச் சலித்துவிட்டது. எல்லையைத் தாண்டினால் கைது செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் புறப்பட்டார். நவம்பர் 20-ந் தேதி கடலூர் அருகே ஆங்கிலேயப் போலீசார் அவரைப் பிடித்தார்கள். கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள்.

அன்னி பெசன்ட் அம்மையார், சி.பி.ராமசாமி அய்யர் முதலியோர் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். டிசம்பர் 14-ந் தேதி விடுதலை கிடைத்தது. ஆனால் அவர் திருநெல்வேலிச் சீமையில் தங்க வேண்டும், எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டிய பிறகே அச்சிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். எல்லைச் சாவடியில் இருந்த சோதனை, எழுதுகிற மேஜைக்கே வந்துவிட்டது! செல்லம்மாளின் ஊரான கடையத்தில் அவர் குடியிருந்தார். 1920-ல் மறுபடியும் "சுதேசமித்திரனு"க்குத் திரும்பினார். 1921 செப்டம்பரில் சென்னை திருவல்லிக்கேணியில் காலமானார். அப்போது அவருக்கு 39 வயதுகூட நிறையவில்லை.

மறைந்த பிறகும் தடை

பாரதியார் இறந்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகும் சர்க்காருக்கு அச்சம் தீரவில்லை. 1928-ல் பர்மாவில் அவருடைய பாடல்களுக்குத் தடை போட்டார்கள். சென்னை சர்க்காரும் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் பறிமுதல் செய்தது புத்தகத்தைத்தானே! பாட்டை மக்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். நாக்கில் இருக்கும் பாட்டை எந்தச் சாவடியில் நிறுத்துவது?

1947-ல் நாடு விடுதலை பெற்றது. 1949-ல் சென்னை அரசு பாரதியார் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தது. ராஜ்யங்களைப் பிரித்த கோடு அழிந்தது.

புதுச்சேரியில் ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த வாசலைப் போலீசார் காவல் காத்தார்கள். இன்று அதே வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நுழைகிறார்கள். அவர்களுடைய பைகளில் இருக்கும் பாடப் புத்தகத்தில், அன்று எல்லை தாண்டக் கூடாது என்று தடுத்த பாரதியாரின் பாட்டு இருக்கிறது.