கிராமத்துக்கு வைத்தியரைத் தேடிய கிரீன்

வைத்தியக் கல்வி முடித்து வெளியேறும் வாலிபன் பட்டணத்தில் தங்குவதா, கிராமத்துக்குச் செல்வதா என்னும் கேள்வி இன்று பிறந்ததன்று. நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னரே அதற்கு விடை தேடிய ஒருவர் இருந்தார். அவர் அந்நியர், ஆயினும் தமிழர் மறக்கத் தகாதவர்.

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822-ஆம் வருஷம் அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் வைத்தியம் கற்று, 1847-இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவராய் யாழ்ப்பாணம் வந்தார். மறு வருஷமே மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, சுதேச வாலிபர்களுக்கு ஆங்கிலத்தில் வைத்தியம் போதிக்கலானார். மதப் பிரசாரமும் அவருடைய நோக்கமே, அதை மறைப்பதற்கில்லை.

ஆனால் கற்றுத் தேறியவர் பலர் சர்க்கார் உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே திக்கற்று நின்றான். கிரீன் போதனையின் பாஷையையே மாற்றத் துணிந்தார். 1864 முதல் வைத்தியம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டது. பாடநூல் இல்லையென்று அவர் சோர்ந்து நிற்கவில்லை. மாணாக்கர் துணையோடு மேனாட்டு நூல்களை மொழிபெயர்த்தார். இரண வைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதம் 1872-இலும், கெமிஸ்தம் 1875-இலும் அச்சேறின. அவரிடம் பயின்றோர் 60-க்கு மேற்பட்டோர். அவர்களுள் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள். 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியைக் கைவிடாது, 1884-இல் காலமானார். தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்பதை அவருடைய கல்லறை இன்றும் தெரிவிக்கின்றது.

ஆங்கிலத்தை மறுத்து, உத்தியோகக் கதவை அடைத்து, வாலிபரை ஊரில் நிறுத்துவது நீதியா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கட்டாயத்தால் நிற்பவன் கதவு திறந்தவுடன் போய்விடுவான். ஆயின் கிரீனின் ஏற்பாட்டில் மற்றொரு பயனும் உண்டு. நோயாளியின் பாஷையிலேயே நோயை அறிந்த வைத்தியனுக்குக் கிராமம் அந்நிய பூமியன்று.

நம் சேலத்தில் 1986-இலும், நாமக்கல்லில் 2022-இலும் சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் ஏற்பட்டன. சர்க்கார் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2020-இல் வந்தது. கிராமத்தில் வளர்ந்தோரை மிகுதியாகச் சேர்த்தால் அவர்கள் கிராமத்திலேயே தொழில் செய்யக்கூடும் என உலக சுகாதார ஸ்தாபனமும் 2010-இல் யோசனை கூறிற்று. ராசிபுரத்து உழவன் மகனும் கொல்லிமலைப் பெண்ணும் வைத்தியராக வழி பிறந்துவிட்டது. அவர்கள் திரும்பி வருவதோ, கல்லூரி அவர்களுக்கு எதைப் பெருமையென்று கற்பிக்கின்றது என்பதையும், ஊர் அவர்களுக்கு வீடும் மருந்தும் துணையாட்களும் தர முன்வருகின்றதா என்பதையும் பொறுத்தது. சட்டம் செய்யக்கூடியதைச் சட்டம் செய்துவிட்டது. எஞ்சியது நம் கடமை.