கரன்ட் போனாலும் அணையாத திரை

நெய்வேலி டவுன்ஷிப்ல மொபைலை சார்ஜ்ல போட்டுட்டு இதைப் படிக்கிறீங்களா? ஜார்ஜ் ஆர்வெல்லுக்கும் நிலக்கரி நல்லாத் தெரியும்.

1903-ல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். பர்மாவில் 5 வருஷம் பிரிட்டிஷ் போலீஸ் வேலை, வெறுத்துப்போய் விட்டுட்டார். 1936-ல் இங்கிலாந்தின் விகன் நகரில் சுரங்கத்துக்குள் இறங்கினார். நெய்வேலி மாதிரி திறந்தவெளி கிடையாது. ஆறடிக்கு மேல் உயரமான மனுஷன், பூமிக்கடியில் குனிஞ்சே போகணும்!

காசநோயோடு போராடியபடி எழுதிய '1984' நாவலில் பகல்ல கரன்ட் கட். ஆனா, வீட்டுக்குள்ள ஆளைக் கண்காணிக்கிற டெலிஸ்கிரீன் மட்டும் ஓடும். நாயகன் வின்ஸ்டன் அதோட சத்தத்தைக் குறைக்கலாம், அணைக்க முடியாது. உங்க மொபைல்ல ஆஃப் பட்டன் இருக்கு பாஸ். கடைசியா எப்போ அழுத்துனீங்க?

நாவல் வந்தது 1949 ஜூனில். அடுத்த ஜனவரியில் ஆர்வெல் இறந்துட்டார். வயசு 46தான்.