காரைத் தரையோடு ஒட்ட வைத்தவர்... லோட்டஸ் நாயகன் காலின் சாப்மேன் கதை!

கார் பிரியர்கள் நாலு பேர் கூடினா, இந்த டாபிக் கண்டிப்பா வந்துடும். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிட்டு லோயரிங் ஸ்பிரிங் மாட்டி, காரை ரெண்டு இன்ச் இறக்கி நிறுத்தினா வர்ற கெத்து இருக்கே... அது வேற லெவல்! கையில காசு கம்மின்னா, இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டி விடுற ஆட்களும் உண்டு.

ஆனா, காரை இறக்குறது வெறும் லுக் சமாச்சாரம் இல்ல பாஸ். அதுக்காக ஒரு மனுஷன் தன் வாழ்நாள் முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டார். அவர்தான் லோட்டஸ் கார் நிறுவனத்தை உருவாக்கிய காலின் சாப்மேன்.

விற்காத காரில் தொடங்கிய கதை

1928 மே 19 அன்று இங்கிலாந்தின் ரிச்மண்டில் பிறந்தார் சாப்மேன். அப்பா லண்டனின் ஹார்ன்ஸி பகுதியில் பப் நடத்தினார். மகனோ யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் கட்டுமானப் பொறியியல் படித்தார். கூடவே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பாக்கெட் மணிக்காக செகண்ட் ஹேண்ட் கார் பிசினஸும் செய்தார். 1947-ல் அரசு பெட்ரோல் ரேஷனில் கைவைக்க, பிசினஸ் மொத்தமாகப் படுத்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது, யாரும் வாங்காத ஒரு பழைய ஆஸ்டின் செவன்.

காதலி ஹேசல் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அதைப் பிரித்து, ரேஸுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கட்டினார். அதுதான் முதல் லோட்டஸ். 1952-ல் லோட்டஸ் இன்ஜினீயரிங் பிறந்தது. முதல் ஒர்க்‌ஷாப், அப்பாவின் பப்புக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்! 1954-ல் ஹேசலையே கல்யாணமும் செய்துகொண்டார்.

ஸ்பிரிங் மெத்து... பாடி கெட்டி!

காரை ஏன் இறக்கணும்? கார் திரும்பும்போது அதன் எடை வெளிப்பக்க டயர்கள் மேல் சாயும். கார் எவ்வளவு உயரமோ, சாய்வும் அவ்வளவு அதிகம். எடை தரைக்குப் பக்கத்தில் இருந்தால், நாலு டயரும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், கிரிப் கூடும். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. காரை இறக்கினா, சக்கரம் மேலே ஏறி இறங்க இடம் குறைஞ்சிடும். பள்ளத்தில் விழுந்தால் அடியில் முட்டும். அதனால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பா இருக்கணும். விறைப்பான ஸ்பிரிங் அமுங்கினால் அதே வேகத்தில் எகிறும். அதை அடக்க, அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் வேணும். ஒண்ணை மாத்திட்டு இன்னொண்ணை அப்படியே விட்டா, கார் பந்து மாதிரி குதிக்கும்.

இந்தக் கணக்கு சாப்மேனுக்கு அத்துப்படி. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாகச் சேர்த்து, 1957-ல் பின்சக்கரத்துக்கு அவர் வடிவமைத்த அமைப்புக்கு 'சாப்மேன் ஸ்ட்ரட்' என்றே பெயர். 1962-ல் வந்த லோட்டஸ் எலானில் எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறாகச் செய்தார். நடுவில் முறுக்காத கெட்டியான இரும்புச் சட்டம், மெத்தென்ற ஸ்பிரிங், நேர்த்தியாகச் செட் செய்த ஷாக் அப்சார்பர். கார் 700 கிலோகூட இல்லை. சொகுசாகவும் போனது, வளைவில் ஒட்டிக்கொண்டும் திரும்பியது.

அதே வருடம் ஃபார்முலா 1-ல் லோட்டஸ் 25 வந்தது. டிரைவர் கிட்டத்தட்ட படுத்துக்கொண்டு ஓட்டும் அளவுக்குத் தாழ்வான கார். அதில்தான் ஜிம் கிளார்க் 1963-ல் உலக சாம்பியன் ஆனார்.

வெற்றிக்குக் கொடுத்த விலை

லோட்டஸ் ஜெயித்தால், சாப்மேன் தன் கறுப்புத் தொப்பியை வானத்தில் வீசுவார். சாப்மேன் காலத்தில் லோட்டஸ் வென்ற கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டங்கள் மட்டும் 7. ஆனா, எடையைக் குறைச்சுக்கிட்டே போனவரின் கார்கள் ரொம்ப உடையக்கூடியவைங்கிற கெட்ட பேரும் கூடவே வந்தது. 1968-ல் ஹாக்கன்ஹைமில் கிளார்க் இறந்தார். சாப்மேன் நொறுங்கிப் போனார். 1970-ல் மோன்ஸாவில் ஜோகன் ரிண்ட் இறந்தார். இறந்த பிறகு உலக சாம்பியனான ஒரே ஃபார்முலா 1 வீரர் அவர்தான். சாப்மேனின் வாழ்க்கையை எழுதும் யாரும் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்ட முடியாது.

6 சென்டிமீட்டர் யுத்தம்

1977, 78-ல் அடுத்த வெடி. காரின் அடிப்பகுதியைத் தலைகீழ் விமான இறக்கை மாதிரி வடிவமைத்தார்கள். பக்கவாட்டில் தரையைத் தொடும் 'ஸ்கர்ட்' தடுப்புகள். அடியில் காற்றழுத்தம் குறைந்து, கார் ரோட்டை நோக்கி உறிஞ்சப்பட்டது. 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன். ஆனா, பட்டம் உறுதியான அதே மோன்ஸா ரேஸில் விபத்துக்குள்ளான சக லோட்டஸ் வீரர் ரோனி பீட்டர்சன், மறுநாள் இறந்துபோனார்.

இந்த உறிஞ்சலுக்கு கார் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கணும். கொஞ்சம் எம்பினாலும் பிடி போய்விடும். அதனால் எல்லா டீமும் ஸ்பிரிங்கைக் கல்லு மாதிரி ஆக்கின. டிரைவர்களின் முதுகு பிளந்தது.

1981-ல் புது ரூல்: தரைக்கும் காருக்கும் 6 செ.மீ இடைவெளி கட்டாயம். பிரபாம் டீம் செம ட்ரிக் செய்தது. ஸ்பீடு எடுத்தால் காற்றின் அழுத்தத்தில் கார் இறங்கிவிடும். அளக்கும் இடத்துக்கு மெதுவாக வரும்போது பழையபடி உயர்ந்து நிற்கும்!

சாப்மேனின் பதில், லோட்டஸ் 88. ஒரே காரில் ரெண்டு சேஸிஸ். வெளிப்பக்க பாடிக்கு விறைப்பான ஸ்பிரிங். அது வேகத்தில் கீழே இறங்கும். டிரைவரும் இன்ஜினும் இருக்கும் உள் சேஸிஸுக்கு மெத்தென்ற ஸ்பிரிங். கார் தரையோடு ஒட்டணும், டிரைவர் உடம்பும் நோகக் கூடாது. ரெண்டையும் ஒரே காரில் சாதிக்கப் பார்த்தார். மற்ற டீம்கள் எதிர்த்தன. கார் தடை செய்யப்பட்டது. ஒரு ரேஸ்கூட ஓடவில்லை. பிரபாமின் தந்திரமோ தப்பிவிட்டது. அந்த அநியாயத்தை சாப்மேனால் ஜீரணிக்கவே முடியவில்லை.

கடைசி நாள்

அதற்குள் அடுத்த ஐடியா தயாராகிக்கொண்டிருந்தது. ரோட்டைக் கம்ப்யூட்டர் கவனித்து, ஹைட்ராலிக் முறையில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஏற்றி இறக்கும் 'ஆக்டிவ் சஸ்பென்ஷன்'. 1982 டிசம்பர் 16. அந்த காரை லோட்டஸ் டீம் டெஸ்ட் செய்த அதே நாளில், மாரடைப்பால் இறந்தார் சாப்மேன். வயது 54.

இறந்த பிறகு டெலோரியன் கார் திட்டத்தின் பணம் காணாமல்போன வழக்கில் அவர் பெயரும் அடிபட்டது. உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது 10 வருடம் சிறை என்றார் நீதிபதி. 1987-ல் அதே ஆக்டிவ் சஸ்பென்ஷனோடு அயர்டன் சென்னா மொனாக்கோவில் ஜெயித்தார். தொப்பி வீசத்தான் அவர் இல்லை.

அடுத்த முறை காரை இறக்கணும்னு தோணினா, சாப்மேனை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. ஸ்பிரிங்கை வெட்டாதீங்க. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஜோடி. மாத்தினா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, வீல் அலைன்மென்ட்டும் பாருங்க. காரை இறக்க எல்லோராலும் முடியும். உள்ளே உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து யோசிப்பவர்தான் இன்ஜினீயர்!