மார்த்தா மால்ட்

மார்த்தா மால்ட் (1794 - 1870) இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றை நடத்தி, அதன் வழியாகக் கையால் ரேந்தை பின்னும் தொழிலை அப்பகுதியில் தொடங்கிய ஆங்கிலேய ஆசிரியை ஆவார். இலண்டன் மிசனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவியான இவர், 1819 முதல் ஏறத்தாழ 35 ஆண்டுகள் நாகர்கோவிலில் வாழ்ந்தார். பள்ளிச் செலவுக்கு வழி தேடித் தொடங்கப்பட்ட இக்கைத்தொழில், பெண்கள் தங்கள் பெயரில் கூலி பெறுவதே அரிதாக இருந்த காலத்தில், ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த சிறுமியருக்குச் சொந்த வருவாயைத் தந்தது. தமிழறிஞர் இராபர்ட் கால்டுவெல்லின் மனைவி எலைசா இவரது மகள் ஆவார்.

பின்னணி

நாகர்கோவில் அக்காலத்தில் திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சாதிக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்தன. நாடார் உள்ளிட்ட பல சமூகங்களின் பெண்கள் மேலாடை அணிய உரிமை மறுக்கப்பட்டிருந்தது. பறையர், புலையர் முதலியோரில் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாக இருந்தனர். இச்சமூகங்களின் பெண்கள் எழுத்தறிவு பெறுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றே கூறலாம்.

இப்பகுதியில் சீர்திருத்தக் கிறித்தவப் பணி மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பின் பேரில் வந்த இரிங்கல்தௌபே என்ற செருமானியரால் 1806 இல் மயிலாடியில் தொடங்கியது. அவர் 1816 இல் வெளியேறிய பின், 1818 இல் சார்லஸ் மீட் வந்து சேர்ந்தார். அவர் பணியின் தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். அரசி கௌரி பார்வதி பாய் இப்பணிக்கு உதவி புரிந்தார்.

இளமையும் வருகையும்

மார்த்தா இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பகுதியைச் சேர்ந்தவர். அங்குள்ள ஹொனிட்டன் என்னும் ஊரின் பெயராலேயே அப்பகுதியின் ரேந்தை அறியப்படுகிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பெண்களும் சிறுமியரும் வீட்டிலிருந்தபடியே ரேந்தை பின்னி வணிகர்களுக்குக் கொடுத்துக் கூலி பெற்று வந்தனர்.

மார்த்தா வளர்ந்த காலத்தில் இத்தொழிலுக்கு இடர் வந்திருந்தது. ஜான் ஹெத்கோட் என்பவர் வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்கு 1809 இல் காப்புரிமை பெற்றார். லவ்பரோவிலிருந்த அவரது ஆலை 1816 இல் இயந்திர எதிர்ப்பாளர்களால் தாக்கப்பட்டதும், அவர் டெவனிலேயே உள்ள டிவர்ட்டன் நகருக்குத் தொழிலை மாற்றினார். மலிவான இயந்திர வலை பெருகவே, கைவேலைக்கு மதிப்புக் குறைந்தது. 1840 இல் விக்டோரியா அரசி தம் திருமண உடைக்கு டெவன் ரேந்தையைத் தேர்ந்தெடுத்தது நலிந்து வந்த அத்தொழிலுக்கு ஊக்கமளிப்பதற்காகவே என்பர். தாயகத்தில் நலியத் தொடங்கியிருந்த கைத்திறன் ஒன்றையே மார்த்தா தம்முடன் எடுத்து வந்தார்.

சார்லஸ் மால்ட்டும் மார்த்தாவும் 1819 டிசம்பரில் நாகர்கோவிலை அடைந்தனர். 1828 இல் மீட் நெய்யூருக்கு இடம் பெயர்ந்த பின், நாகர்கோவிலை மையமாகக் கொண்ட கிழக்குப் பகுதியின் பொறுப்பு மால்ட் குடும்பத்தினரிடம் இருந்தது.

பெண்கள் பள்ளி

நாகர்கோவிலில் பெண்களுக்கான பள்ளி 1819 இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் மீட்டின் மனைவி ஜோகன்னாவின் பொறுப்பில் இருந்த அப்பள்ளியைப் பின்னர் மார்த்தா ஏற்று நடத்தினார். இன்று டதி பெண்கள் பள்ளி என்று அறியப்படுவது இதன் தொடர்ச்சியே ஆகும்.

பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். மகளின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்பட்டது. சிறு வயதிலேயே திருமணமும் நடந்தது. எனவே உணவும் உடையும் உறைவிடமும் தந்து பயிற்றும் விடுதிப் பள்ளி முறை கைக்கொள்ளப்பட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, திருமறைப் பாடம் ஆகியவற்றுடன் தையலும் கற்பிக்கப்பட்டது. பயிற்று மொழி தமிழாக இருந்தது.

விடுதி நடத்தப் பணம் வேண்டும். மிசனரியின் மனைவிக்குத் தனி ஊதியம் கிடையாது. சங்கத்தின் பட்டியலில் அவர் பணியாளராகக் கூட எண்ணப்படவில்லை. இங்கிலாந்திலிருந்த கொடையாளர்கள் ஒவ்வொரு மாணவிக்கும் ஆண்டுதோறும் தொகை அனுப்பும் வழக்கம் இருந்தது. எனினும் அக்கொடை தொலைவிலிருந்தவர்களின் மனநிலையைப் பொறுத்தது. பள்ளிக்கு உள்ளிருந்தே ஒரு வருவாய் தேவைப்பட்டது.

ரேந்தைத் தொழில்

1821 இல் மார்த்தா தம் மாணவிகளுக்கு ரேந்தை பின்னக் கற்பிக்கத் தொடங்கினார். ரேந்தை என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. மேலைக் கடற்கரையிலும் இலங்கையிலும் போர்த்துக்கேயர் காலத்திலேயே இக்கலை அறியப்பட்டிருந்ததை இச்சொல் உணர்த்துகிறது. ஆயினும் நாகர்கோவில் பகுதியில் அது ஒரு பயிற்சித் தொழிலாக வளர்ந்தது மார்த்தாவின் பள்ளியிலிருந்தே ஆகும்.

பூத்தையலுக்கும் ரேந்தைக்கும் வேறுபாடு உண்டு. பூத்தையலில் ஏற்கெனவே நெய்த துணியின் மீது ஊசியால் உருவங்கள் தைக்கப்படுகின்றன. ரேந்தையில் அடித்துணி இல்லை. நூலை நூலோடு பின்னியே துணி உருவாகிறது. இதற்கு வேண்டிய கருவிகள் எளியவை. இறுக்கமாகத் திணித்த ஒரு திண்டு, அதன் மீது துளையிட்ட கோலம் வரையப்பட்ட தாள், துளைகளில் குத்தும் குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் ஆகியவையே அவை. குச்சிகளை இணை இணையாக எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாகக் கடத்தியும் முறுக்கியும் பின்ன வேண்டும். ஒவ்வொரு பிணைப்பும் குண்டூசியால் நிறுத்தப்படும். கோலம் முடிந்தபின் ஊசிகளை எடுத்துவிட்டால் ரேந்தை தனியே நிற்கும்.

இதில் இடுபொருளின் செலவு குறைவு. விலையின் பெரும்பகுதி உழைப்பின் மதிப்பே ஆகும். ஒரு விரற்கடை அகலமுள்ள கரையைப் பின்னவும் நீண்ட நேரம் பிடிக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் இடைவிடாத பயிற்சி வேண்டும். வெண்ணிற நூலில் வியர்வையோ அழுக்கோ படிந்தால் விலை போகாது என்பதால் கைத்தூய்மையும் இன்றியமையாதது. இழைகளை எண்ணிப் பின்னும் வேலையானதால், பள்ளியில் கற்ற கணக்கும் இங்கே பயன்பட்டது.

வணிக முறை

இத்தொழிலில் பள்ளியே பயிற்சிக் கூடமாகவும் பணிமனையாகவும் விற்பனை நிலையமாகவும் செயற்பட்டது. பின்னப்பட்ட ரேந்தையை இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்களும் இங்கிலாந்திலிருந்த ஆதரவாளர்களும் வாங்கினர். விற்பனைத் தொகை பள்ளிச் செலவுக்கும், பின்னியோருக்கான கூலிக்கும் உதவியது. பள்ளியை விட்டுத் திருமணமாகிச் சென்ற பெண்களும் வீட்டிலிருந்தபடி தொடர்ந்து பின்னிக் கொடுத்தனர். இதனால் கற்றவர் ஊர் திரும்பியபின்னும் அவருக்கும் பள்ளிக்கும் இடையே உறவு நீடித்தது. கிறித்தவரான பெண்கள் வேலைவாய்ப்பை இழக்கும் நிலை இருந்த ஊர்களில் இக்கூலி பெரிதும் உதவியது.

அடிமைச் சிறுமியரும் விடுதலையும்

பள்ளியில் சேர்ந்தோருள் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியரும் இருந்தனர். சட்டப்படி அவர்களது உழைப்பு உரிமையாளருக்குச் சொந்தமானது. இத்தகைய மாணவிகள் சிலர் ரேந்தை வேலையில் கிடைத்த பணத்தைக் கொண்டு தங்கள் விடுதலைக்கான விலையைச் செலுத்தினர் என மிசன் வரலாறுகள் கூறுகின்றன. தன் உழைப்பின் மீதே உரிமை இல்லாத ஒருத்தி, அவ்வுழைப்பால் ஈட்டிய பணத்தைக் கொண்டு தன்னை மீட்டுக்கொள்ள முடிந்தது என்பது இத்தொழிலின் வரலாற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கது.

திருவிதாங்கூர் மிசனரிகள் 1847 இல் அடிமை முறையை ஒழிக்குமாறு அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். 1853 ஆம் ஆண்டு ஆணை அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளை விடுவித்தது. 1855 இல் அடிமை முறை முழுமையாக ஒழிக்கப்பட்டது. மார்த்தாவின் பணிக்காலத்தின் பெரும்பகுதி இச்சட்டங்களுக்கு முற்பட்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தோள்சீலைப் போராட்டக் காலம்

மார்த்தா நாகர்கோவிலில் வாழ்ந்த ஆண்டுகளிலேயே தோள்சீலைப் போராட்டமும் நிகழ்ந்தது. கிறித்தவப் பெண்கள் குப்பாயம் எனப்படும் சட்டையை அணியலாம் என்ற அனுமதி ரெசிடெண்டு மன்றோவின் காலத்தில் கிடைத்திருந்தது. மிசன் பள்ளிகளில் தையல் பயின்ற பெண்கள் இத்தகைய சட்டைகளைத் தாமே தைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணிய முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 1822 முதலே தாக்குதல்கள் நடந்தன. 1827 முதல் 1829 வரை பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் எரிக்கப்பட்டன. 1829 பெப்ரவரியில் வெளியான அரசாணை குப்பாயத்தை மட்டும் ஏற்று, தோள்சீலையை மறுத்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை 1859 சூலையில்தான் அறிவிக்கப்பட்டது. அப்போது மார்த்தா இங்கிலாந்து திரும்பியிருந்தார்.

துணியின் ஓரத்தை அழகுசெய்யும் ரேந்தையைப் பின்னிய பெண்களுக்கே, தம் உடலை மூடும் துணிக்கான உரிமை இத்தனை காலம் மறுக்கப்பட்டிருந்தது.

மகள் எலைசாவும் இடையன்குடியும்

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1822 இல் பிறந்தார். நாகர்கோவிலில் வளர்ந்ததால் பேச்சுத் தமிழில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். 1844 இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிப் பகுதியிலுள்ள இடையன்குடிக்குச் சென்றார். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த அவ்வூரில் பனைத்தொழிலே முதன்மையாக இருந்தது. எலைசா அங்கு பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கி, தாயிடம் கற்ற ரேந்தைக் கலையைப் பயிற்றுவித்தார். பனைத்தொழிலின் வருவாய் பருவத்தைச் சார்ந்தது. ரேந்தை வேலையோ ஆண்டு முழுவதும் செய்யத்தக்கது. இடையன்குடி ரேந்தை பின்னர் தனிப்பெயர் பெற்றது. 1891 இல் கால்டுவெல்லும் 1899 இல் எலைசாவும் மறைந்தனர். இருவரும் இடையன்குடித் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

இறுதிக்காலம்

மால்ட் தம்பதியர் 1850களின் நடுப்பகுதியில் இங்கிலாந்து திரும்பினர். சார்லஸ் மால்ட் 1858 இல் காலமானார். மார்த்தா 1870 இல் மறைந்தார்.

மதிப்பீடு

மார்த்தாவின் பணியை ஆராய்வோர் இரு பக்கங்களையும் சுட்டுகின்றனர். எழுத்தறிவும் கைத்தொழிலும் ஒரே இடத்தில் கிடைத்ததால் ஒரு தலைமுறைப் பெண்கள் ஆசிரியைகளாகவும் வருவாய் ஈட்டுவோராகவும் உருவாயினர் என்பது ஒரு பக்கம். மாணவிகளின் உழைப்பு பள்ளியின் வருவாய்க்கு அடிப்படையானது என்பதும், அமைதியாக அமர்ந்து செய்யும் ரேந்தை வேலை விக்டோரியா காலத்துப் பெண்மை இலக்கணத்தைப் பயிற்றும் வழியாகவும் இருந்தது என்பதும் மறுபக்கம்.

வீட்டிலிருந்து செய்யும் கைவேலைக்கு உரிய கூலி கிடைப்பதில்லை என்ற குறை பிற்காலத்திலும் நீடித்தது. 19 ஆம் நூற்றாண்டில் மிசனரிகள் வழியாகவே ரேந்தைத் தொழில் பரவிய ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதியைச் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆராய்ந்து 1982 இல் நூல் வெளியிட்டார். அங்கு ஏற்றுமதிக்காகப் பின்னும் பெண்கள் தொழிலாளராகக் கருதப்படாமல், ஓய்வு நேரத்தில் வேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டதால் கூலி மிகக் குறைந்திருந்தது என்று அவர் காட்டினார். கைத்தொழிலைக் கற்றுத் தருவதோடு, விலையையும் கூலியையும் முடிவு செய்பவர் யார் என்ற கேள்வியும் இணைந்தே வருகிறது.

கொடையாளர்களின் பெயர்களும் மிசனரிகளின் பெயர்களும் வரலாற்று நூல்களில் இடம் பெற்றுள்ளன. திண்டின் முன் அமர்ந்து பின்னிய சிறுமியருள் மிகச் சிலரின் பெயர்களே அவற்றில் காணப்படுகின்றன. எனினும் நாகர்கோவிலில் 1821 இல் தொடங்கிய தொழில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தென் திருவிதாங்கூரிலும் திருநெல்வேலியிலும் நிலைத்ததற்கு, கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்த அப்பெண்களே காரணமாவர்.