கொடி பிடித்த கை

அமெரிக்கக் கால்பந்தின் நடுவர் பர்ல் டோலர் 1928-இல் மெம்பிசில் பிறந்தவர். 1951-இல் அவர் ஆடிய சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. பருவ முடிவில் நடக்கும் பெரிய போட்டிக்கு வரவேண்டுமானால் கறுப்பின வீரர்களான டோலரையும் ஆலி மேட்சனையும் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். வெள்ளை வீரர்களும் சேர்ந்து அணியே மறுத்தது. கோப்பையைவிடப் பெரிது அந்த மறுப்பு.

மறு ஆண்டே முழங்காலில் பலத்த காயம், ஆட்டம் நின்றது. பள்ளி ஆசிரியரானார், பின்னர் முதல்வரும் ஆனார். 1965-இல் தேசியக் கால்பந்து லீக் அவரை நடுவராக எடுத்தது. அதற்குமுன் அந்நாட்டின் பெரிய தொழில்முறை லீக் எதிலும் கறுப்பின நடுவர் இல்லை. அவர் மஞ்சள் கொடி வீசினால் தவறிழைத்த அணி, எவ்வளவு பெரிய அணியானாலும், பின்னுக்கு நகர வேண்டும். 25 பருவங்கள் நின்றார். 1980 சூப்பர் பவுல் இறுதியாட்டத்திலும். 2009-இல் மறைந்தார். சான் பிரான்சிஸ்கோவில் அவர் முதல்வராக இருந்த பள்ளி வளாகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.