வயர் நீள நீள வோல்டேஜ் குறைவது ஏன்? விடை சொல்லிவிட்டு 25 ஆண்டு காத்திருந்த ஜார்ஜ் ஓம்

நெய்வேலி அனல்மின் நிலையம் பக்கத்துலதான் இருக்கு. ஆனாலும் பண்ருட்டி கிராமம் ஒன்றில், மின்கம்பியின் கடைசி முனையில் இருக்கும் போர்வெல் மோட்டார் லோ வோல்டேஜில் திணறலாம். வழியில் வோல்டேஜ் எங்கே போகுது? கிட்டத்தட்ட 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பள்ளி ஆசிரியர் விடை சொல்லிவிட்டார்.

யார் இந்த ஓம்?

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789-ல் பிறந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். அப்பா பூட்டுத் தொழிலாளி. தானாகவே கணக்கு கற்று, அதை மகன்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். 1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரான ஓம், அங்கிருந்த ஆய்வகத்தில் மின்சார ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

என்ன கண்டுபிடித்தார்?

அந்தக் கால பேட்டரியில் கரண்ட் சீராக வராது. அதனால் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு இணைப்பை கொதிநீரிலும் மற்றொன்றை ஐஸிலும் வைத்தார். இந்த வெப்ப வித்தியாசத்தில் நிலையான கரண்ட் கிடைத்தது. பிறகு வெவ்வேறு நீள வயர்களை மாட்டி அளந்தார். நீளம் கூடக் கூட கரண்ட் குறைந்தது.

1827-ல் வெளியிட்ட புத்தகத்தில், கம்பியில் வெப்பம் பரவுவதுபோல மின்னழுத்தமும் வயர் நெடுக படிப்படியாக இறங்குகிறது என்று விளக்கினார்.

உதாரணமா, 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஒரே தடிமனுள்ள 12 அடி மெல்லிய கம்பியால் இணைத்தால், அடிக்கு 1 வோல்ட் இறங்கும். பாதி தூரத்தில் 6 வோல்ட்தான். கம்பி தடிமனாக உள்ள பகுதியில் இறக்கம் குறைவு, மெலிந்த பகுதியில் அதிகம். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்திலும் இந்த இழப்பு உண்டு.

கிடைத்தது என்ன?

புத்தகத்தை நம்பி பேராசிரியர் பதவியை எதிர்பார்த்தார் ஓம். வரவேற்பே இல்லை. கொலோன் வேலையையும் விட்டுவிட்டு, பெர்லினில் சொற்ப சம்பளத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் தந்தது. மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியரானபோது ஆண்டு 1852, வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6-ல் காலமானார். 1881-ல் பாரிஸ் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே வைத்தது.

இன்றைக்கு என்ன பயன்?

சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு சுமார் 1,765 கி.மீ. தூரம் டிசி மின்சாரம் வருகிறது. அழுத்தம் 8 லட்சம் வோல்ட். ஏன் இவ்வளவு? வோல்டேஜ் கூடினால் அதே மின்சாரத்தை குறைந்த கரண்டில் அனுப்பலாம். கரண்ட் குறைந்தால் வழியில் இழப்பும் குறையும். இந்தக் கணக்குக்கு அடிப்படை, ஓம் எழுதிய அதே விதிதான்.